மாசமா இருக்கும்போது ஊறுகாய் சாப்பிடலாமா? (த்ரெட் கொஞ்சம் நீளம்)



சாப்பிடலாம். முதல் வரியிலேயே சொல்லிடறேன், ஏன்னா பாதிப் பேர் இதுக்கு மேல படிக்க மாட்டீங்க. பிரஷர், கிட்னி, இதயக் கோளாறு எதுவும் இல்லாத கர்ப்பிணி ஒரு நாளைக்கு ஒரு சின்ன ஸ்பூன் நல்ல ஊறுகாய் சாப்பிடறதால அம்மாவுக்கும் குழந்தைக்கும் எந்தக் கெடுதலும் வராது. நல்ல ஊறுகாய்னா எது, சின்ன ஸ்பூன்னா எவ்வளவு, யாரெல்லாம் அதையும் குறைச்சுக்கணும்னு கீழே எழுதியிருக்கேன். கூடவே, ஊறுகாயை விட எனக்குக் கவலை தர்ற வேற ரெண்டு மூணு விஷயமும் இருக்கு. அதுக்காகத்தான் இந்த த்ரெட்டே.

கீழ் கோத்தகிரி, சோலூர்மட்டம், கொடநாடு பக்கமிருந்து செக்கப்புக்கு வர்ற பெண்களோட மாமியார், அம்மா, நாத்தனார்னு யாராவது ஒருத்தர் கூடவே வருவாங்க. ஏழாம் மாசத்துக்கு மேல அவங்க சொல்ற முதல் புகார்: "கால் வீங்கியிருக்கு டாக்டர். உப்பை நிறுத்திட்டோம். ஊறுகாய் ஜாடியைத் தூக்கி மேல வெச்சுட்டேன்." சொல்லும்போது அவங்க முகத்துல ஒரு கடமையைச் செஞ்ச திருப்தி. அந்தப் பெண்ணைப் பார்த்தா பத்து நாளா உப்பில்லாத கஞ்சி குடிச்ச களைப்பு.

இந்த உப்பில்லாப் பத்தியம் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்தா, பாட்டி வைத்தியத்துல இருந்து மட்டும் வரல. எங்க டாக்டர் கூட்டத்துக்கும் இதுல பங்கு இருக்கு. போன நூற்றாண்டுல ரொம்ப காலம் உலகம் முழுக்க மருத்துவர்களே கர்ப்பிணிகளுக்கு உப்பைக் குறைக்கச் சொன்னாங்க. உப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்குது, தண்ணி சேர்ந்தா வீக்கம், வீக்கம் வந்தா பிரஷர், பிரஷர் வந்தா வலிப்பு. கேட்க நல்லா இருக்கிற கணக்கு. ஆனா 1958-ல் மார்கரெட் ராபின்சன்னு ஒரு மருத்துவர் லான்செட் இதழ்ல எழுதின கட்டுரையில இதுக்கு நேர் எதிரா ஒரு முடிவு வந்துச்சு. 2000 கர்ப்பிணிகளுக்கும் மேல ரெண்டு பிரிவாப் பிரிச்சு, ஒரு பிரிவை உப்பு அதிகமாவும் இன்னொரு பிரிவை குறைச்சும் சாப்பிடச் சொன்னதுல, குறைச்சவங்களுக்குத்தான் அந்த பிரஷர் நோய் அதிகமா வந்தது. இன்றைய அளவுகோல்ல அது கச்சிதமான ஆய்வு இல்லை. அதனால அதை நம்பி உப்பை அள்ளிக் கொட்டச் சொல்ல மாட்டேன். பின்னாடி நெதர்லாந்துல 603 பெண்களை வெச்சு ஒழுங்கா செஞ்ச ரெண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, உப்பைக் குறைச்சதால பிரஷர் நோய் வர்றது குறையலைன்னு தெரிஞ்சது. 2011-ல் உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்லிடுச்சு: கர்ப்பகால பிரஷர் நோயைத் தடுக்கறதுக்காகன்னு உப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டாம்.

காரணம் எளிது. அந்த நோய் தொடங்கறது உப்பு டப்பாவுல இல்லை, நஞ்சுக்கொடியில. நஞ்சுக்கொடிக்குப் போற ரத்தக்குழாய்கள் சரியா விரிஞ்சு கொடுக்காததுல ஆரம்பிக்கிற பிரச்னை அது. உங்க சாப்பாட்டுல உப்பு தூக்கலா இருந்ததால வந்தது இல்லை. கர்ப்ப காலத்துல உடம்புல ரத்தத்தோட அளவே 40 சதவீதத்துக்கும் மேல கூடுது. அந்தக் கூடுதல் ரத்தத்துக்கு சோடியம் வேணும். அதைப் பிடிச்சு வைக்கறதுக்காகவே ஹார்மோன்கள் வேலை செய்யுது. சாயங்காலம் கணுக்கால்ல வர்ற வீக்கம், காலைல எழுந்தா குறைஞ்சிருக்கிற வீக்கம், பெரும்பாலும் இந்தக் கணக்குலதான் வரும். நாள் முழுக்க தேயிலைக் காட்டுல சரிவுல நின்னு கொழுந்து பறிக்கிறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமா இருக்கும்.

அப்ப வீக்கத்தை அசட்டையா விடலாமான்னு கேட்டா, கூடாது. முகம் உப்பறது, கை வீங்கி மோதிரம் வளையல் திடீர்னு இறுகறது, ரெண்டு நாள்ல எடை சட்டுனு ஏறறது, இதெல்லாம் வேற கதை. அதுக்கு செய்ய வேண்டியது பிரஷர் பார்க்கறதும் யூரின்ல புரோட்டீன் பார்க்கறதும்தான். ஜாடியைப் பரண்ல ஏத்தறது அதுக்கு மாற்று ஆகாது. எனக்கு இந்தப் பத்தியத்து மேல இருக்கிற பெரிய கோபமே இதுதான். உப்பை நிறுத்தினதும் வீட்டுல எல்லாருக்கும் "வைத்தியம் பார்த்தாச்சு"ங்கற நிம்மதி வந்துடுது. அந்த நிம்மதியில ஒரு செக்கப் தள்ளிப் போகுது. 140/90 ஆரம்பத்துல எந்த வலியும் கொடுக்காது. மிஷின் வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

சரி, தடுக்க வழியே இல்லையான்னா, இருக்கு. சாப்பாட்டுல கால்சியம் கம்மியா இருக்கிற பெண்களுக்கு கால்சியம் மாத்திரை கொடுத்தா இந்த நோய் வர்ற வாய்ப்பு குறையுது. அதனாலதான் 14 வாரத்துல இருந்து தினம் ரெண்டு வேளை 500 மில்லிகிராம் கால்சியம் இலவசமா கொடுக்கறோம். ஏற்கனவே போன பிரசவத்துல பிரஷர் வந்தவங்க, ரெட்டைக் குழந்தை, சுகர், கிட்னி நோய் இருக்கிறவங்களுக்கு சின்ன டோஸ் ஆஸ்பிரின் தேவைப்படலாம். அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும், பக்கத்து வீட்டு அக்கா இல்லை. நர்ஸ் அக்கா வீடு தேடி வந்து கொடுக்கிற அந்த கால்சியம் மாத்திரை பல வீடுகள்ல சாமி அலமாரியில பிரிக்காம இருக்கு. ஊறுகாய் ஜாடியைக் காவல் காக்கிற அக்கறையில பாதி அந்த மாத்திரை மேல இருந்தா எனக்குப் போதும்.

இப்ப அளவுக்கு வருவோம்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு. சமையல்ல போடறது, ஊறுகாய், அப்பளம், கருவாடு, பிஸ்கட் எல்லாம் சேர்த்து. சமமா வழிச்ச ஒரு டீஸ்பூன். வீட்டுல எவ்வளவு போகுதுன்னு கண்டுபிடிக்க லேப் வேண்டாம். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மாசம் 600 கிராம்தான் கணக்கு. ஒரு கிலோ பாக்கெட் 25 நாள்ல தீர்ந்தா, தலைக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் போகுதுன்னு அர்த்தம். அதாவது ரெண்டு மடங்கு. இதைப் படிக்கிற எல்லாரும் இன்னிக்கு வாங்கற பாக்கெட் மேல பேனாவுல தேதி எழுதி வைங்க. கர்ப்பிணிக்காக மட்டும் இல்லை, பிரஷர் மாத்திரை சாப்பிடற மாமனாருக்காகவும்தான்.

ஊறுகாய்ல உப்பு எவ்வளவு? கடை பாட்டில்ல பின்பக்கம் சத்து அட்டவணை இருக்கும். அதுல சோடியம்னு மில்லிகிராம்ல போட்டிருப்பாங்க, 100 கிராமுக்கு. அந்த எண்ணை 2.5-ஆல் பெருக்கினா உப்பு. 100 கிராம்ல 4800 மில்லிகிராம் சோடியம்னு இருந்தா, 12 கிராம் உப்பு. ஒரு சின்ன ஸ்பூன், அதாவது 10 கிராம் ஊறுகாய் எடுத்தா 1.2 கிராம் உப்பு. ஒரு நாள் பங்குல கிட்டத்தட்ட கால்வாசி. இதனாலதான் ஒரு ஸ்பூன்னு சொல்றேன். மூணு வேளைக்கு மூணு ஸ்பூன் போட்டா சமையலுக்குக் கொஞ்சம் உப்புதான் மிச்சம். ஊறுகாயோட அப்பளமும் மோர் மிளகாயும் அதே தட்டுல வேண்டாம், ஏதாவது ஒண்ணு.

ஏற்கனவே பிரஷர் இருந்து மாத்திரை எடுக்கிறவங்க, கிட்னி, இதயப் பிரச்னை இருக்கிறவங்களுக்கு மேலே சொன்ன சலுகை கிடையாது. உங்க டாக்டர் சொல்ற அளவுதான். கர்ப்பகால சுகர் இருக்கிறவங்களுக்கு ஊறுகாய்ல இருக்கிற உப்பை விட, ஊறுகாய் இருந்தா இன்னொரு கரண்டி சோறு உள்ளே போறதுதான் பிரச்னை. இனிப்பு மாங்காய் ஊறுகாயை அவங்க தொடவே வேண்டாம். எட்டாம் ஒன்பதாம் மாசத்துல நெஞ்செரிச்சல் இருந்தா ராத்திரி சாப்பாட்டுல ஊறுகாயை விட்டுட்டு மத்தியானம் மட்டும் வெச்சுக்கங்க.

மசக்கையில வாந்தி எடுக்கிறவங்களுக்கு உப்பு நார்த்தங்காயை ஒரு சுண்டைக்காய் அளவு வாயில அடக்கிக்கறது நம்ம பாட்டிங்க கண்டுபிடிச்ச அருமையான உபாயம். எனக்கு அதுல எந்த ஆட்சேபணையும் இல்லை. அதனால ரெண்டு வாய் தயிர் சாதம் உள்ளே இறங்குதுன்னா சந்தோஷம்தான். தண்ணி கூடத் தங்காம வாந்தி வந்தா, நார்த்தங்காயை நம்பி வீட்டுல உட்காராதீங்க, வந்துடுங்க. டிரிப்ஸ் தேவைப்படலாம்.

(புளிப்பு கேட்டா பையன், இனிப்பு கேட்டா பொண்ணுன்னு ஜோசியம் சொல்றவங்களுக்கு: நாக்குக்கும் குரோமோசோமுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வளைகாப்புல அந்தப் பெண்ணு புளிசாதத்தை நிம்மதியா சாப்பிடட்டும்.)

அடுத்தது அயோடின். உப்பைக் குறைங்கன்னு சொல்லும்போதே நான் சேர்த்துச் சொல்றது இது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேணும், மத்தவங்களை விட அதிகம். குழந்தையோட மூளை வளர்ச்சிக்கு அது அவசியம். நம்ம ஊர்ல அது பெரும்பாலும் உப்பு வழியாத்தான் கிடைக்குது. ஊறுகாய் போடறது கல்லுப்புல. சாதாரணக் கல்லுப்புல அயோடின் கிடையாது. இப்ப ஃபேஷனா இருக்கிற இந்துப்புலயும் கிடையாது. "சமையலுக்கு இந்துப்பு, தொட்டுக்க ஊறுகாய்"னு இருக்கிற வீட்டுல உப்பு நிறைய இருக்கும், அயோடின் இருக்காது. ரெண்டு பக்கமும் நஷ்டம். சமையலுக்கு அயோடின் உப்பு, ரேஷன்ல வாங்கினாலும் சரி. மூடி போட்ட டப்பாவுல, அடுப்புக்குத் தள்ளி வைங்க. ஊறுகாய்க்குக் கல்லுப்பு போடறதைப் பத்தி எனக்குக் கவலை இல்லை.

இப்ப ஜாடிக்குள்ள.

யூடியூப் பார்த்து ஊறுகாய் போடற எல்லா வீட்டுலயும் ஒரு வரி வரும்: "மூணு நாள் நல்ல வெயில்ல காய வைக்கவும்." அந்த வீடியோ எடுத்தது மதுரையிலயோ ஈரோட்டுலயோ. நம்ம மலையில, அதுவும் கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, மூணு நாள் வெளியே வெச்சா காய் காயாது, மூடுபனியைக் குடிச்சு இன்னும் ஈரமாகும். அந்த ஈரம்தான் பூஞ்சைக்குச் சாப்பாடு. ஊறுகாய் கெடாம இருக்கறது ஏதோ மாயத்தால இல்லை. உப்பு தண்ணியை இழுத்துக்குது, புளிப்பு கிருமியைத் தடுக்குது, மேல நிக்கிற எண்ணெய் காத்தை மறைக்குது. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் மத்ததுக்குச் சுமை கூடும். அதனால மலையில ஊறுகாய் போடறதா இருந்தா மாசி, பங்குனி, சித்திரையில போட்டு வைங்க. மழைக்காலத்துல போட்டா கொஞ்சமா போட்டு, ஃபிரிட்ஜ்ல வெச்சு சீக்கிரம் தீர்த்துடுங்க.

கர்ப்பிணிக்காகன்னு பாசத்தோட "உப்பு கம்மியா ஒரு ஊறுகாய்" போட்டுக் கொடுக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: போடாதீங்க. உப்பைக் குறைக்கணும்னா தட்டுல குறைங்க, ஜாடியில குறைக்காதீங்க. உப்பு குறைஞ்ச ஊறுகாய்ல கிருமி வளர்ற வாய்ப்புதான் கூடும்.

மேல வெள்ளையா, பச்சையா பூஞ்சை படிஞ்சா அதை மட்டும் வழிச்சுப் போட்டுட்டு அடியில இருக்கறதைச் சாப்பிடற பழக்கம் நம்மகிட்ட நிறைய. பூஞ்சையோட வேர் கண்ணுக்குத் தெரியாம கீழே இறங்கியிருக்கும். முழுசா கொட்டிடுங்க. வயிறு எரியும், தெரியும். இருந்தாலும் கொட்டிடுங்க. ஈர ஸ்பூன் போடறது, எச்சில் கையை விடறது, இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பூண்டு ஊறுகாய் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இது பூண்டு விளையற மலை. மாங்காய், எலுமிச்சை, நார்த்தங்காய், நெல்லி எல்லாம் தானே புளிப்பானவை. பூண்டு அப்படி இல்லை. மண்ணுல விளையறதால போட்டுலிசம்னு ஒரு நோயை உண்டாக்கற கிருமியோட விதை அதுல ஒட்டியிருக்கலாம். புளிப்பு இல்லாம எண்ணெய்க்குள்ள மூழ்கினா, காத்து இல்லாத அந்த இடம் அதுக்கு ரொம்பப் பிடிக்கும். 1985-ல் கனடாவோட வான்கூவர் நகர்ல ஒரு உணவகத்துல, ஃபிரிட்ஜ்ல வைக்காத எண்ணெய்ப் பூண்டு சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நோய் வந்தது. நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தக்கூடிய விஷம். நாத்தம், ருசி எதுலயும் தெரியாது. பயப்பட வேண்டாம். இது அபூர்வம், நம்ம பாரம்பரிய பூண்டு ஊறுகாய்ல எலுமிச்சைச் சாறோ புளியோ தாராளமா சேர்க்கிறோம். அதைக் குறைக்காதீங்க, அவ்வளவுதான். சாப்பிட்டா பல் கூசற அளவு புளிக்கணும். வெறும் எண்ணெய்ல வதக்கி, காரம் போட்டு, மாசக்கணக்குல வெளியே வைக்கிற பூண்டுத் தொக்கைக் கர்ப்பிணிக்குக் கொடுக்க வேண்டாம்.

மீன் ஊறுகாய், இறால் ஊறுகாய், இறைச்சி ஊறுகாய், இதெல்லாம் பத்து மாசத்துக்குத் தள்ளி வைக்கலாம். லிஸ்டீரியான்னு ஒரு கிருமி உப்பையும் தாங்கும், ஃபிரிட்ஜ் குளிர்லயும் வளரும். கர்ப்பிணிகளுக்கு அது வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட சுமார் பத்து மடங்கு அதிகம். அம்மாவுக்கு லேசான காய்ச்சலோட போயிடும், குழந்தையை இழக்க நேரலாம். தேதி தெரியாத, யார் செஞ்சதுன்னு தெரியாத, சுற்றுலாக் கடையில தொங்கற பாக்கெட்டுகளுக்கும் இதே பதில்.

பாத்திரம்: கண்ணாடி பாட்டில் சிறந்தது. அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதைக் கரைக்கும். உள்பக்கம் மெழுகு விரிசல் விட்ட பழைய ஜாடி, உள்ளே கலர் பூசின மலிவான பீங்கான் ரெண்டும் வேண்டாம். சில பூச்சுகள்ல ஈயம் இருக்கும், அது குழந்தையோட மூளைக்கு ஆகாது.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஊறுகாய்ல என்ன இருக்குங்கறதை விட, ஊறுகாய் எதோட இடத்தைப் பிடிச்சிருக்குங்கறதுதான் என் கவலை.

எஸ்டேட்ல வேலைக்குப் போற பெண்ணோட டிபன் பாக்ஸைத் திறந்து பாருங்க. சோறு, ஓரத்துல ஊறுகாய், தனியா ஒரு பாட்டில்ல டீ. பல நாள் அவ்வளவுதான். தலைமுறையா இங்க இருக்கிற குடும்பம், இலங்கையில இருந்து திரும்பி வந்து இன்னமும் "அச்சாறு"ன்னு சொல்ற குடும்பம், இப்ப ஜார்க்கண்ட்ல இருந்து வந்து கடுகெண்ணெய் மாங்காய் ஊறுகாயோட சப்பாத்தி சாப்பிடற பெண்கள், எல்லார்கிட்டயும் பெட்டி கிட்டத்தட்ட ஒண்ணுதான். காலையில இருட்டோட எழுந்து, பிள்ளைங்களைக் கிளப்பி, காட்டுக்குப் போறவங்களுக்குப் பொரியல் செய்ய நேரம் எங்க இருக்கு? ஊறுகாய் கெடாது, சிந்தாது, ரெண்டு ரூபாய்க்கும் கிடைக்கும், ஆறின சோத்தை உள்ளே தள்ளும். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பெட்டியில இரும்பும் இல்லை, புரதமும் இல்லை. தமிழ்நாட்டுல கர்ப்பிணிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. பிரசவத்துல ரத்தம் போகும்போது, ஹீமோகுளோபின் 11 இருக்கிற பெண்ணு தாங்கறதும் 7 இருக்கிற பெண்ணு தாங்கறதும் ஒண்ணில்லை.

மேல அந்த டீ. டீயில இருக்கிற டானின் சாப்பாட்டுல இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் சேர விடாது. தேயிலை மலையில இருந்துக்கிட்டு டீ குடிக்காதீங்கன்னு சொன்னா என்னைத் துரத்திடுவீங்க. சாப்பாட்டோட குடிக்காதீங்க, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. இரும்பு மாத்திரையை டீயோடவோ, கால்சியம் மாத்திரையோடவோ சேர்த்துப் போடாதீங்க. ரெண்டு மாத்திரைக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். இரும்பு மாத்திரையோட ஒரு எலுமிச்சை பிழிஞ்ச தண்ணியோ நெல்லிக்காயோ நல்லது. எலுமிச்சை ஊறுகாய் அந்த வேலையைச் செய்யாது, நாள்பட்ட ஊறுகாய்ல வைட்டமின் சி பெருசா மிச்சம் இருக்காது.

அந்த டிபன் பாக்ஸ்ல ஊறுகாய் இருக்கட்டும். கூடவே ஒரு வேகவெச்ச முட்டை, இல்லைன்னா ஒரு கைப்பிடி வறுத்த கடலை, இல்லைன்னா முதல்நாள் ராத்திரியே வேகவெச்ச அவரையோ பட்டாணியோ. இதுவும் சிந்தாது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்துல வர்ற ஊட்டச்சத்துப் பெட்டகத்துல பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு எல்லாம் இருக்கு. அது கர்ப்பிணிக்கு. வீட்டுல எல்லாரும் பங்கு போட்டு ரெண்டு நாள்ல தீர்க்கறதுக்கு இல்லை. கணவன்மார்கள் இந்த வரியைத் திரும்ப ஒரு தடவை படிக்கவும்.

தண்ணி விஷயமும் இருக்கு. காட்டுல ஒதுங்க இடம் இல்லைன்னு காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் தண்ணியே குடிக்காத பெண்கள் நிறைய. உப்பான சாப்பாடு, தண்ணி கிடையாது, யூரினை அடக்கறது. நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, குறைமாசத்துல வலி வந்து சேர்றாங்க. இதுக்கு மாத்திரை எழுதலாம், எழுதறோம். வேலை செய்யற இடத்துல ஒரு கழிப்பறை கட்டறதுக்கு நான் சீட்டு எழுதிக் கொடுக்க முடியாது. எஸ்டேட் நடத்தறவங்க யாராவது இதைப் படிச்சா யோசிங்க.

இவ்வளவு நீளம் படிச்சவங்க இதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டு குரூப்ல போடுங்க:

அஞ்சு மாசத்துக்கு மேல தாங்க முடியாத தலைவலி, கண்ணு மங்கறது அல்லது முன்னாடி பூச்சி பறக்கற மாதிரி தெரியறது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீர்னு வீங்கறது, யூரின் குறைஞ்சு போறது. இதுல எது வந்தாலும் அன்னிக்கே பிரஷர் பார்க்கணும். வலிப்பு வந்தா "ஜன்னி"ன்னு மந்திரிக்கப் போகாம 108-ஐக் கூப்பிடுங்க. பிரசவம் முடிஞ்சு முதல் சில வாரங்கள் வரைக்கும் கூட இது வரலாம்.

ராத்திரியில ஆரம்பிச்சா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கறதுக்கே 33 கிலோமீட்டர் மலை ரோடு. பனி இறங்கினா வண்டி நகராது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறீங்களோ அவ்வளவு நேரம் எங்க கையில இருக்கும்.